தோட்டத்திலிருந்து முதலாம் படிவத்திற்கு

ரந்தாவ், லாபு, சிலியாவ் முதலிய நெகிரி செம்பிலான் தோட்ட வட்டாரங்களில் ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் பயின்ற பிள்ளை, இடைநிலைப்பள்ளியில் பிரவேசித்ததும், நேற்றுவரை தாய்மொழியில் கற்ற கணிதத்தையும் சரித்திரத்தையும் மலாயில் கேட்டுத் திகைப்பது புத்திக் குறைவினால் அன்று. முன்பெல்லாம் யூ.பி.எஸ்.ஆர். தேர்வில் மலாய்மொழித் தேர்ச்சி போதாதவர், 'பெராலிஹான்' எனும் புகுமுக வகுப்பில் ஓராண்டு கழித்த பின்னரே முதலாம் படிவம் புகுந்தனர். 2021இல் அத்தேர்வு ரத்தானதற்காக நான் வருந்தவில்லை. ஆயினும், பிள்ளையின் பலவீனத்தைப் பெற்றோருக்குப் பகிரங்கமாய் அறிவித்துவந்த ஒரு சாதனமும் அதனோடு மறைந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆதலால் ஐந்தாம் ஆண்டிலேயே, மலாய்மொழி உபாத்தியாயரை நேரில் கண்டு, பிள்ளை ஒரு பத்தியைத் தானே எழுதவல்லதா என்று பெற்றோர் விசாரித்தறிதல் அவசியம். எஸ்.பி.எம். சான்றிதழுக்கு மலாயோடு சரித்திரத்திலும் தேர்ச்சி கட்டாயமாதலால், அந்தப் பாடத்தையேனும் வீட்டில் இருமொழியிலும் சொல்லச் செய்வது, பால்மரக் காட்டிலும் செம்பனையிலும் உழைத்துக் களைத்த தாய்தந்தையர்க்கும் இயலும். கேட்பதற்குப் பட்டம் வேண்டியதில்லை. டியூஷன் கட்டணம் செலுத்தியதோடு கடமை தீர்ந்ததெனக் கருதுவோரிடம் எனக்கு உடன்பாடில்லை.

மலாயை வலியுறுத்துவதால் தமிழைக் கைவிடச் சொல்வதாக எவரும் அனர்த்தம் கொள்ளற்க. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, 15 மாணவரின் பெற்றோர் கோரினால் தேசியப் பள்ளியில் தமிழ் கற்பிக்கப்பட வேண்டும். அந்த விண்ணப்பத்தைப் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே தலைமையாசிரியரிடம் சேர்ப்பிப்பது உத்தமம்.