கடைச் சாப்பாடு அன்றாடச் சாப்பாடாகலாமா?

மாலை ஆறு மணியானதும் எங்கள் சந்திகளில் ஓர் ஓசை கேட்கத் தொடங்குகிறது. சூடான இரும்புத் தட்டில் இரண்டு தகடுகள் மாறி மாறி மோதுகின்ற கொத்துரொட்டி ஓசை அது. மீள்குடியேறி ஆண்டுகள் பல கடந்தும் கிணறு துப்புரவாகாத, வாய்க்கால் திருத்தப்படாத கிராமங்களில்கூடக் கொத்துக்கடை வந்துவிட்டது. அருகில் கண்ணாடிப் பெட்டிக்குள் றோல்ஸ், பற்றீஸ், வடை. றோல்ஸ் வகையில் பெரியதொன்றுக்கு எங்கள் பிள்ளைகள் 'மிதிவெடி' என்று பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். போர் எங்கள் நாவிலும் ஒரு சொல்லை விட்டுச் சென்றிருக்கிறது.

அண்மையில் மாதர் சங்கக் கூட்டம் ஒன்றில் இதுபற்றிப் பேச்சு எழுந்தது. முதியவர் ஒருவர் எழுந்து, "நாங்கள் கஞ்சி குடிச்சு வளர்ந்தனாங்கள். இப்பத்தப் பெண்டுகளுக்குச் சமைக்கப் பஞ்சி" என்றார். பின்வரிசையில் இருந்த தாயொருவர் உடனே எழுந்தார். "ஐயா, நான் விடிய நாலு மணிக்கு எழும்பி வெங்காயம் பிடுங்கக் கூலிக்குப் போறன். பின்னேரம் வந்து தண்ணி அள்ளி, விறகு தேடி, அடுப்பு மூட்டேக்கை பிள்ளையள் நித்திரை. நீங்கள் ஆராவது வந்து சமைச்சுத் தருவியளோ?" என்று கேட்டார். மண்டபம் அமைதியாயிற்று.

அந்த அமைதியிலிருந்தே இக்கட்டுரையை எழுதுகிறோம். முதியவர் சொன்னதில் உண்மை உண்டு. தாய் கேட்டதில் நியாயம் உண்டு. இரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்க்காமல் இக்கேள்விக்கு விடை காண முடியாது.

நாம் எப்படி இங்கு வந்தோம்?

கடைச் சாப்பாட்டுக்கு நாம் பழகியது நாக்கின் ஆசையால் மட்டுமல்ல. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியவர்களுக்கும், அதே ஆண்டு ஒக்ரோபரில் வடக்கை விட்டு வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் தங்கிய முஸ்லிம் மக்களுக்கும், 1995 ஒக்ரோபர் இறுதியில் ஒரே இரவில் வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சிக்கு நடந்தவர்களுக்கும் முதலிற் பறிபோனது அடுப்படி. வளவு இல்லையென்றால் முருங்கை இல்லை. ஆடு மாடு இல்லையென்றால் பாலும் இல்லை. அம்மியும் உரலும் வீட்டோடு போயின. கையில் எஞ்சியது நிவாரண அட்டை. அதற்குக் கிடைத்தது அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய்.

2009 இல் முள்ளிவாய்க்காலில் உப்புக் கஞ்சி எங்கள் உயிரைப் பிடித்து வைத்தது. அதன்பின் மெனிக் பாம் முகாமில் வரிசையில் நின்று சமைத்த உணவையும் பின்னர் உலர் உணவையும் பெற்றோம். அம்முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது. ஆனால் வரிசையில் வாங்கி உண்ட அந்த ஆண்டுகளில் வளர்ந்த பிள்ளைகள் இன்று தாய் தந்தையர். வித்து வைப்பதையும், ஒடியல் இடிப்பதையும், குரக்கன் திரிப்பதையும் அவர்கள் பார்த்து வளர வாய்ப்பிருக்கவில்லை. காணி இன்னமும் விடுபடாமல் இருக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அது இன்றும் இல்லை. ஆகவே, "இந்தத் தலைமுறைக்குச் சமைக்கத் தெரியாது" என்று ஏசுமுன், கற்றுக்கொள்ளும் இடத்தை அவர்களிடமிருந்து பறித்தது எது என்பதை நினைத்துக்கொள்வோம்.

உடல் என்ன சொல்கிறது?

பசிக்கு ஒரு நாள் கொத்து உண்பதால் எவரும் நோயாளியாவதில்லை. திருநாளன்று பிள்ளைக்கு றோல்ஸ் வாங்கிக் கொடுப்பதும் குற்றமல்ல. நாம் பேசுவது அன்றாடப் பழக்கத்தைப் பற்றி.

வெள்ளைக் கோதுமை மாவில் தவிடும் முளையும் நீக்கப்பட்டிருக்கின்றன. அவற்றோடு நார்ப்பொருளும், இரும்பும், பி வகை உயிர்ச்சத்துகளிற் பெரும்பகுதியும் போய்விடுகின்றன. எஞ்சிய மாப்பொருள் விரைவாகச் சீனியாகி இரத்தத்திற் கலக்கிறது. பலமுறை காய்ச்சிய எண்ணெயில் உடலுக்கு ஒவ்வாத பொருள்கள் உண்டாகின்றன. உலக சுகாதார நிறுவனம் வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது. அது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. உடனடி நூடில்ஸ் பொதிகள் பலவற்றில் அதன் மூன்றிலொரு பங்குக்கும் மேற்பட்ட உப்பு இருக்கிறது. சீனி 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது அதே நிறுவனம். 100 மில்லிலீற்றருக்கு 10 கிராம் சீனி கொண்ட மென்பானத்தில் அரை லீற்றர் குடித்தால் உள்ளே போவது 50 கிராம். ஒரே போத்தலில் இரண்டு நாளைக்குரிய சீனி முடிந்துவிடுகிறது.

சொசேஜ் போன்ற பதனிட்ட இறைச்சி வகைகளை, புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதியான பொருள்களின் தொகுதியில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2015 இல் சேர்த்தது. புகையிலையளவு ஆபத்தானது என்பது இதன் பொருளல்ல. சான்று உறுதியானது, நாள்தோறும் உண்பவருக்கு ஆபத்து கூடுகிறது என்பதே பொருள்.

2019 இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களில் நடந்த ஓர் ஆய்வும் கவனிக்கத்தக்கது. 20 பேருக்கு இரண்டு வாரம் ஆலைத் தயாரிப்பு உணவும், இரண்டு வாரம் இயல்பான உணவும் கொடுத்தார்கள். இரண்டிலும் சீனி, கொழுப்பு, உப்பு, நார் யாவும் சமமாகவே வைக்கப்பட்டன. வேண்டிய அளவு உண்ணலாம் என்றும் விட்டார்கள். ஆலை உணவு உண்ட நாள்களில் அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி அதிகம் உண்டார்கள். இரண்டு வாரத்தில் ஏறத்தாழ ஒரு கிலோ நிறை கூடினார்கள். பிள்ளைக்கு "போதும்" என்று சொல்லத் தெரியவில்லை என்று நாம் கோபிக்கிறோம். போதும் என்ற உணர்வே வரத் தாமதமாகும்படி அந்த உணவு அமைந்திருக்கிறது.

எங்களுக்கென்று இன்னுமொரு கவலையும் உண்டு. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் போர்ப் பஞ்சம் ஏற்பட்டது. அப்போது கருவிலிருந்தவர்களைப் பல பத்தாண்டுகளுக்குப் பின் ஆராய்ந்தபோது, இரத்தத்தில் சீனியைக் கட்டுப்படுத்தும் ஆற்றல் அவர்களிடம் குறைந்திருந்தது தெரியவந்தது. தாயின் வயிற்றில் பசியை அறிந்த உடல், பின்னாளில் மிதமிஞ்சிய சீனியையும் கொழுப்பையும் தாங்கச் சிரமப்படுகிறது. பதுங்கு குழிகளிலும் முகாம்களிலும் கருவுற்றிருந்த தாய்மாரின் பிள்ளைகள் எங்களிடையே எத்தனை பேர்! மற்றவர்களை விட அவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டியவர்கள்.

இலங்கையில் இன்று நிகழும் பத்து மரணங்களில் எட்டு, இருதய நோய், பாரிசவாதம், நீரிழிவு, புற்றுநோய் போன்ற தொற்றா நோய்களால் நிகழ்கின்றன. விவசாயிக்கு நீரிழிவு வந்தால் மருந்துச் செலவோடு அது நிற்பதில்லை. வயலிற் குத்திய முள் ஆறாத புண்ணாகிறது. புண் காலைக் கொண்டுபோகிறது. கால் போனால் வயலும் போகிறது.

இது நீதியின் கேள்வியும்கூட

"என் காசு, என் வாய், இதில் நீதி எங்கே வருகிறது?" என்று சிலர் கேட்கலாம். நான்கு இடங்களில் வருகிறது என்று நினைக்கிறோம்.

முதலாவது, பணம் போகும் வழி. எங்கள் மண்ணில் கோதுமை விளைவதில்லை. ஒரு காலத்தில் அமெரிக்க உதவியாக வந்ததால் 'அமெரிக்கன் மா' என்று பெயர் பெற்றது; இன்றும் தானியம் கப்பலில்தான் வருகிறது. 2022 இல் நாட்டில் டொலர் இல்லாமற் போனபோது மாவின் விலை சில மாதங்களில் பன்மடங்கு ஏறியதை மறந்திருக்கமாட்டோம். அறுவடை நாளில் நெல்லை மலிவாக விற்றுவிட்டு, அந்தக் காசில் பிறநாட்டு மாவை வாங்கி உண்ணும் விவசாயி இரண்டு முறை நட்டப்படுகிறான். ஒரு குடும்பம் கிழமைக்கு இரண்டு முறை 1,500 ரூபாவுக்குக் கொத்து வாங்குவதாக வைத்துக்கொள்வோம். மாதத்தில் எட்டு முறை என்றால் 12,000 ரூபா. கடனுக்கு வாங்கினால் இன்னும் கூடும். கோழிக்கூடு ஒன்றுக்கும் குஞ்சுகளுக்கும் அது முதலாகும்.

இரண்டாவது, பிள்ளைகள். தொலைக்காட்சியிலும் கைத்தொலைபேசியிலும் வரும் விளம்பரம் பிள்ளையிடம்தான் பேசுகிறது. பிள்ளை எங்களிடம் அழுகிறது. தன்னைக் காத்துக்கொள்ளத் தெரியாதவரிடம் ஆசையை விற்பது நேர்மையான வியாபாரமல்ல.

மூன்றாவது, குப்பை. பொலித்தீன் சாப்பாட்டுத் தாளும் ரெஜிபோம் பெட்டியும் 2017 செப்ரெம்பரில் தடைசெய்யப்பட்டன. ஆயினும் வேலியோரங்களில் அவை இன்னும் கிடக்கின்றன. மாடு தின்கிறது, வாய்க்கால் அடைபடுகிறது.

நான்காவது, உழைப்பு. கொத்துத் தட்டின் முன் நள்ளிரவு வரை வியர்வை சிந்தும் இளைஞன் யாரோ அல்ல. காணியில்லாத எங்கள் பிள்ளைதான். றோல்ஸ் சுற்றி விற்கும் விதவைத் தாயும் எங்கள் சகோதரிதான். ஆகவே கடைகளைப் பகைக்கும்படி நாம் சொல்லவில்லை. அவர்கள் விற்கும் பண்டம் மாறலாம், அவர்களின் பிழைப்பு கெடக்கூடாது. வட மாகாண விவசாயத் திணைக்களத்தின் 'அம்மாச்சி' உணவகங்களில் பெண்கள் குரக்கன், ஒடியல், உழுந்து, இலைக்கறி உணவுகளைச் சமைத்து விற்று வருமானம் பெறுவது இதற்குக் கண்முன்னான சான்று. கடைச் சாப்பாடும் நல்ல சாப்பாடாக இருக்க முடியும்.

அந்தத் தாய்க்கு எமது விடை

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். "வீட்டிற் சமையுங்கள்" என்று சொல்லிவிட்டு, அந்தச் சுமை முழுவதையும் அவர் தலையில் ஏற்றினால் நாம் செய்வது உபதேசமல்ல, அநீதி. பதினாறு மணித்தியாலம் உழைப்பவர் இரவில் ஒரு பொதி வாங்கினால் அவரைக் குறைசொல்ல எவருக்கும் உரிமையில்லை.

ஆண்கள் அடுப்படிக்குள் வரவேண்டும். முகாமில் பெரிய கிடாரத்தில் கஞ்சி காய்ச்சியவர்களில் ஆண்களும் இருந்தார்கள். அங்கே குறையாத ஆண்மை வீட்டிற் குறைந்துவிடாது. விறகு கொத்துவது, தேங்காய் துருவுவது, பிள்ளைகளுக்குப் பரிமாறுவது இவற்றை மகனுக்கும் மகளுக்கும் ஒன்றாகவே பழக்குவோம்.

நான்கைந்து வீடுகள் சேர்ந்து முறை வைத்துச் சமைக்கலாம். கிழமையில் ஒரு நாள் ஒரு வீடு ஐந்து குடும்பத்துக்கு உலை வைத்தால், மற்ற நான்கு நாள் அந்த வீட்டுக்கு ஓய்வு. பயறு, கௌபி, கடலை இவற்றில் ஒன்றை இரவு ஊறவைத்தால் காலையில் அவிய அதிக நேரம் வேண்டாம். இரவுச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலைப் பழஞ்சோறு. வெங்காயமும் பச்சைமிளகாயும் மோரும் போதும். அதைவிடத் துரிதமான உணவு எந்தக் கடையில் இருக்கிறது?

வாடகை வளவில் இருப்பவரும் ஒரு முருங்கைத் தடி நடலாம். பழைய உரப்பையில் பொன்னாங்காணி, வல்லாரை வளர்க்கலாம். விற்பதற்குமுன் ஒரு மூடை நெல்லை வீட்டுக்கென்று ஒதுக்கி, தவிடு முற்றாகப் போகாமற் குத்துவிக்கலாம். பொதி உணவு வாங்கினால் நிறக்குறியைப் பார்க்கலாம். மென்பானங்களுக்கு 2016 ஓகஸ்ட் முதல் இந்த முறை வந்தது. சிவப்பு என்றால் சீனி மிகுதி, செம்மஞ்சள் என்றால் நடுத்தரம், பச்சை என்றால் குறைவு. எழுத்தறியாதவருக்கும் இது விளங்கும்.

பாபிலோனில் சிறைப்பட்டிருந்த தானியேலும் தோழரும் அரசனின் பந்தியை மறுத்து மரக்கறியும் தண்ணீரும் கேட்டதை வேதாகமம் சொல்கிறது. நாட்டையிழந்த அவர்கள், தாம் யார் என்பதை உணவினால் மறவாதிருந்தார்கள். மே மாதத்தில் எங்கள் ஊர்களில் காய்ச்சும் முள்ளிவாய்க்கால் கஞ்சியும் அப்படிப்பட்டதே. ஆண்டுக்கொரு முறை நினைவுக்காகக் குடிக்கும் கஞ்சி, பயறும் இலையும் சேர்ந்து கிழமைக்கு மூன்று முறை பிள்ளைகளின் உடலுக்காகவும் வரட்டும்.

அன்றாட உணவைத் தாரும் என்று வேண்டுகிறவர்கள் நாம். அந்த உணவு எங்கள் பிள்ளைகளைக் கட்டி எழுப்பும் உணவாக இருக்க, ஆணும் பெண்ணும் ஊரும் சங்கமும் சேர்ந்து உழைப்போம்.

குழுக்களிற் கலந்துரையாட:

1. கடந்த கிழமை எங்கள் வீட்டில் எத்தனை வேளை கடைச் சாப்பாடு உண்டோம்? ஏன்?

2. எங்கள் வீட்டில் சமையல் வேலையை யார் யார் செய்கிறார்கள்? எதை மாற்றலாம்?

3. எங்கள் சந்திக் கடையில் அவித்த பயறும் இலைக்கஞ்சியும் விற்கச் செய்ய, சங்கமாக நாம் என்ன உதவலாம்?