'படம் சூப்பர்' என்பது பாராட்டு அல்ல

குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் ஒரு கேமுக்குக் கிடைக்கக்கூடிய மிக மோசமான ஃபீட்பேக் எது? "போர் அடிக்குது", "புரியல", "ஹேங் ஆகுது" எதுவும் இல்லை. இவற்றை வைத்துக்கொண்டு ஏதாவது வேலை பார்க்கலாம். மிக மோசமானது, "கிராஃபிக்ஸ் சூப்பர்".

கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் சேர்ந்து பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு கேம் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஃபைனல் இயர் புராஜெக்டாக இருக்கலாம், ஏதோவொரு ஹேக்கத்தானாக இருக்கலாம். மூன்று பேர் கோட் எழுதுவார்கள். ஒருவன் பிரசன்டேஷன் பார்த்துக்கொள்வான். வரையத் தெரிந்த ஒருத்தி 'ஆர்ட்' பார்த்துக்கொள்வாள். முக்கால்வாசி முடிந்ததும் பக்கத்துப் பள்ளிக்குப் போய் பிளேடெஸ்ட் நடத்துவார்கள். அதாவது, பிள்ளைகளிடம் கொடுத்து விளையாடவைத்து, கடைசியில் ஒரு ஃபார்மை நிரப்பச் சொல்வார்கள். ஆர்ட்டுக்கு ஐந்துக்கு நாலரை வரும். "கொஞ்சம் கஷ்டமா இருக்கு" என்று பாதிப் பேர் எழுதியிருப்பார்கள். உடனே குழு அவளைப் பார்த்து, "உன் வேலை முடிஞ்சிருச்சு, மிச்சத்த நாங்க பாத்துக்குறோம்" என்று சொல்லும்.

அந்த இடத்தில்தான் எல்லாம் கெட்டுப்போகிறது.

கல்விக்கான கேமில் படம் அலங்காரம் கிடையாது. படம்தான் பாடம். ஆகவே பிளேடெஸ்டில் வருகிற ஒவ்வொரு "புரியல"யும் முதலில் போய்ச் சேரவேண்டிய மேசை ஆர்ட்டிஸ்டுடையது. நாம் செய்வதோ நேர்மாறு. பாராட்டை ஆர்ட்டிஸ்டிடம் கொடுத்துவிட்டுக் குழப்பத்தை டெவலப்பரிடம் கொடுக்கிறோம். இருவருக்கும் தவறான பார்சல்.

ஓர் உதாரணத்தோடு பேசலாம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒளிச்சேர்க்கை பற்றி ஒரு கேம். பிள்ளை ஓர் இலையை நகர்த்த வேண்டும். மேலிருந்து வெளிச்சம் விழும், கீழிருந்து தண்ணீர் ஏறும், காற்றில் கார்பன் டை ஆக்சைடு மிதந்து வரும். மூன்றையும் பிடித்தால் இலை சர்க்கரை தயாரிக்கும். ஆர்ட்டிஸ்ட் வெளிச்சத்தைப் பொன்னிற வட்டமாக வரைகிறாள். தண்ணீர், சிரிக்கிற நீலத்துளி. கார்பன் டை ஆக்சைடு? கரும்புகை நிறத்தில் ஓர் உருண்டை, நெரித்த புருவம். ஏன் அப்படி வரைந்தாள்? சுற்றுச்சூழல் தினத்துக்கு ஒட்டிய எல்லா போஸ்டரிலும் அது அப்படித்தான் இருந்தது.

பிள்ளை என்ன செய்யும்? கறுப்பு உருண்டையைக் கண்டதும் இலையைச் சட்டென்று ஒதுக்கும். சர்க்கரை வராது. நேரம் முடிந்துவிடும். அடுத்த முறை இன்னும் சாமர்த்தியமாக ஒதுங்கும். மறுபடியும் தோற்கும். ஃபார்மில் எழுதும்: "படம் சூப்பர். கேம் கஷ்டம்."

இப்போது டெவலப்பர் வருவார். மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் என் சாதிசனத்தின் வியாதி எனக்குத் தெரியும். முதலில் ஓர் எண்ணை மாற்றுவோம், முப்பது நொடி கூட்டிக்கொடுப்போம். அதுவும் வேலைக்காகாவிட்டால் ஒரு பாப்-அப் போடுவோம்: 'கார்பன் டை ஆக்சைடைச் சேகரிக்கவும்!' பிள்ளை அதைப் படிக்காமலேயே மூடும். யூடியூப் விளம்பரங்களுக்கு நடுவில் வளர்ந்த பிள்ளைக்கு எதைத் தெரிகிறதோ இல்லையோ, மூலையில் இருக்கும் பெருக்கல் குறி எங்கே என்று தெரியும். நாமோ, "இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுமையே இல்லப்பா" என்று முடித்துவிடுவோம்.

அந்தப் புருவத்தை யாரும் பார்க்கவே இல்லை.

இதில் இன்னும் பெரிய அநியாயம் ஒன்று உண்டு. அந்தப் பிள்ளை எதையும் கற்காமல் போகவில்லை. நன்றாகவே கற்றுக்கொண்டது: இலையின் எதிரி கார்பன் டை ஆக்சைடு. புத்தகத்தில் இருப்பதற்கு நேர் எதிரான பாடம். வாயால் சொல்லியிருந்தால் மறந்துபோயிருக்கும். விரலால் நாற்பது முறை செய்து பழகியது அவ்வளவு சீக்கிரம் போகாது.

"ஃபீட்பேக்கில் இதைச் சொல்லியிருக்கலாமே" என்று கேட்பீர்கள். சொல்லாது. நம்மூர்ப் பிள்ளையிடம், கல்லூரியிலிருந்து வந்த ஓர் அக்கா கையில் சாக்லேட்டைக் கொடுத்து, "எப்படிடா இருந்துச்சு?" என்று கேட்டால், "நல்லாருந்துச்சுக்கா" என்பதைத் தவிர வேறு பதில் வராது. அது விமர்சனம் இல்லை, மரியாதை. டீச்சர் வேறு பின்னால் நின்றுகொண்டிருப்பார். அந்த மரியாதையைக் கூட்டி, சராசரி எடுத்து, வண்ண வண்ண வரைபடமாக்கி ஸ்லைடில் போடுகிறோம். ஹாஸ்டல் நண்பர்களிடம் டெஸ்ட் செய்வது இதைவிட மோசம். இருபது வயதுக்காரனுக்கு ஒளிச்சேர்க்கை ஏற்கெனவே தெரியும். அவன் படத்தைப் படிப்பதில்லை, தனக்குத் தெரிந்ததைப் படத்தின் மேல் போட்டுக்கொள்கிறான்.

சரி, வேறு எப்படித்தான் செய்வது? வழியைக் காட்டிக்கொடுத்ததே ஒரு மாணவர் குழுதான். அமெரிக்காவில் டிஜிபென் கல்லூரி மாணவர்கள் சிலர் 2005இல் 'நார்பாகுலர் டிராப்' என்றொரு கேம் செய்தார்கள். சுவரில் இரண்டு வாசல்களைத் திறந்து, ஒன்றில் நுழைந்து மற்றொன்றில் வெளிவருகிற விளையாட்டு. வால்வ் நிறுவனம் அந்தக் குழுவை வேலைக்கு எடுத்துக்கொண்டது. அந்த யோசனை வளர்ந்துதான் 2007இல் 'போர்ட்டல்' ஆனது. பிற்பாடு அதன் இரண்டாம் பாகத்தை இயற்பியல் வகுப்பில் பயன்படுத்த ஆசிரியர்களுக்கு அந்த நிறுவனமே ஏற்பாடு செய்தது.

போர்ட்டலில் ஓர் இடம். ஒரு பெட்டியை நீளமான ஒரு லெவல் முழுக்கச் சுமந்துகொண்டு போக வேண்டும். டெஸ்ட் செய்தவர்கள் பெட்டியைப் பாதி வழியிலேயே மறந்துவிட்டுப் போனார்கள். பெட்டி இல்லாமல் அப்பால் நகர முடியாது. நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? 'பெட்டியை மறக்காதீர்கள்!' என்று பாப்-அப். கிம் ஸ்விஃப்ட் தலைமையிலான குழு அந்தப் பெட்டியின் மேல் ஓர் இதயத்தை வரைந்தது. அதற்கொரு பெயர் வைத்து, அதைப் பற்றி நாலு வசனம் சேர்த்தது. அதற்குப் பிறகு யாரும் அதை விட்டுவிட்டுப் போகவில்லை. பிறகு அதை நெருப்பில் போடச் சொன்னபோது வருத்தப்பட்டார்கள். உலகம் முழுக்க பொம்மையாக விற்ற அந்தப் பெட்டி, ஒரு பிளேடெஸ்ட் புகாருக்குப் படம் கொடுத்த பதில்.

இன்னொன்று. போர்ட்டலின் அறைகள் ஏன் அப்படி வெறிச்சென்று ஆஸ்பத்திரி மாதிரி இருக்கின்றன? ஸ்டைலுக்காக மட்டும் இல்லை. அறையில் அழகுக்காக வைத்த பொருட்களையும் புதிரின் பகுதி என்று நினைத்து, டெஸ்ட் செய்தவர்கள் அவற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அதனால் அவற்றை எடுத்துவிட்டார்கள். உட்கார்ந்து பார்த்துப் பார்த்துச் செய்த ஓவியத்தை எடுத்தெறிய ஓர் ஆர்ட்டிஸ்டுக்கு எவ்வளவு தெளிவு வேண்டும்! "அழகாக இருக்கிறது" என்ற ஃபீட்பேக்கை மட்டும் வாங்கிப் பழகிய ஒருத்திக்கு அந்தத் தெளிவு எங்கிருந்து வரும்?

இந்த இடத்தில் வழக்கமான ஓர் அறிவுரை வரும்: "ஆர்ட்டிஸ்டுகளுக்குத் தோல் தடிமனாக இருக்கணும். ஃபீட்பேக்கைப் பெர்சனலா எடுத்துக்கக் கூடாது." கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் இந்த அறிவுரை பிரச்சினையைப் பிள்ளையிடமிருந்து நகர்த்தி ஆர்ட்டிஸ்டின் மனசுக்குள் வைத்துவிடுகிறது. அவள் காயப்பட்டாளா, சமாளித்தாளா என்பதா இப்போது கேள்வி? அந்த ஆறாம் வகுப்புப் பிள்ளை கறுப்பு உருண்டையிலிருந்து ஏன் ஓடியது என்பதுதான் கேள்வி. அதற்குத் தடிமனான தோல் உதவாது, கூர்மையான கண் வேண்டும்.

ஃபீட்பேக்கை அப்படியே கேட்டு நடப்பதும் தீர்வில்லை. "வில்லன் கலர நல்லா டார்க்கா வைங்கண்ணா" என்று ஒரு பையன் எழுதியிருப்பான். அவனைப் பொறுத்தவரை அவன் சொல்வது சரிதான், அவனுக்கு அது வில்லன். அவன் சொன்னபடி இன்னும் கறுப்பாக்கினால் கேம் இன்னும் பொய்யாகும். நோயாளி வலியைச் சொல்வார், மருந்துச்சீட்டை எழுத மாட்டார். அந்தப் பையனின் வாக்கியத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது நிறத்தை அல்ல, 'வில்லன்' என்ற சொல்லை. அந்தச் சொல்லைக் கேட்டதும் திடுக்கிட வேண்டிய ஆள் ஆர்ட்டிஸ்ட். அவளிடம் அது போய்ச் சேரவே இல்லை, ஏனென்றால் அவள் வேலை 'முடிஞ்சிருச்சு'.

படமே இல்லாமலும் நல்ல கல்வி கேம் வந்திருக்கிறதே என்று ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. 1971இல் மினியாபோலிஸில் டான் ராவிட்ச் என்ற பயிற்சி ஆசிரியர், எட்டாம் வகுப்பு வரலாற்றுப் பாடத்துக்காக, தன் அறைத்தோழர்கள் இருவரோடு சேர்ந்து இரண்டே வாரத்தில் 'ஒரிகன் டிரெயில்' செய்தார். திரையே கிடையாது. டெலிடைப் இயந்திரம் காகிதத்தில் வரிவரியாக அச்சடிக்கும், அவ்வளவுதான். பிள்ளைகள் முண்டியடித்து விளையாடினார்கள். அப்போ ஆர்ட் எதுக்கு?

அதில் வேட்டையாடுவது எப்படி என்று பாருங்கள். துப்பாக்கிச் சத்தத்தை, 'பேங்' என்ற சொல்லை, வேகமாகத் தட்ட வேண்டும். விரல் தடுமாறினால் குறி தப்பும், அன்றைக்குச் சாப்பாடு குறையும். 'வேட்டையாடவா? ஆம் / இல்லை' என்று கேட்டு முடித்திருக்கலாம். யாரோ யோசித்து, பதற்றத்தை விரல்நுனிக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஒன்றை எந்த உருவத்தில் பிள்ளையின் கைக்குக் கொடுப்பது என்று முடிவெடுப்பதுதான் ஆர்ட்டிஸ்டின் வேலை. அங்கே தூரிகை இல்லை, வேலை இருந்தது. நம் குழுக்களில் தூரிகை இருக்கிறது, அந்த வேலையைச் செய்ய யாரும் விடுவதில்லை.

விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நார்வேயிலிருந்து 2012இல் வந்த 'டிராகன்பாக்ஸ்' சாட்சி. இயற்கணிதம் கற்றுத்தரும் கேம். ஆனால் ஆரம்பத்தில் எண்ணும் இல்லை, எழுத்தும் இல்லை. திரையின் இரண்டு பக்கங்களிலும் விசித்திரப் பிராணிகள் வரைந்த அட்டைகள். ஒரு பெட்டியை ஒரு பக்கத்தில் தனியாக நிறுத்த வேண்டும். ஒரு பிராணியும் அதன் இருட்டு வடிவமும் சேர்ந்தால் பச்சைச் சுழலாக மாறும், தொட்டால் மறைந்துவிடும். போகப்போகப் பிராணிகள் ஒவ்வொன்றாக எண்ணாகவும் எழுத்தாகவும் மாறுகின்றன. ஒருநாள் பெட்டி இருந்த இடத்தில் 'எக்ஸ்' நிற்கிறது. பிள்ளை அதுவரை செய்ததெல்லாம் சமன்பாடு தீர்ப்பது! அந்த இருட்டு வடிவம்தான் எதிர்மறை எண், அந்தப் பச்சைச் சுழல்தான் பூஜ்ஜியம். அதை வரைந்தவர் பாடத்துக்கு அலங்காரம் செய்யவில்லை, பாடத்தையே நடத்தியிருக்கிறார்.

பாடம் விளையாட்டுக்கு உள்ளே இருப்பதும் வெளியே ஒட்டிக்கொண்டிருப்பதும் ஒன்றல்ல என்பதை அளந்தும் காட்டியிருக்கிறார்கள். ஜேக்கப் ஹாப்குட், ஷாரன் எய்ன்ஸ்வர்த் இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில் 'சோம்பி டிவிஷன்' என்ற வகுத்தல் கேம் இரண்டு வடிவங்களில் இருந்தது. ஒன்றில் எலும்புக்கூட்டின் மார்பில் எண் இருக்கும். அதை மீதியின்றி வகுக்கும் எண்ணுக்குரிய ஆயுதத்தால் அடித்தால்தான் விழும். மற்றொன்றில் சண்டை தனி, கணக்குக் கேள்விகள் லெவல்களுக்கு நடுவில் தனி. முதல் வடிவத்தில் ஆடிய பிள்ளைகள் அதிகம் கற்றார்கள். விருப்பம்போல ஆட விட்டபோது அதில்தான் ஏழு மடங்கு அதிக நேரம் செலவிட்டார்கள். எண்ணை எங்கே வரைவது, எலும்புக்கூட்டின் மார்பிலா, தனியாக ஒரு பெட்டிக்குள்ளா என்பது ஓர் ஆர்ட் முடிவு மாதிரிதான் தெரியும். மொத்தப் பாடமும் அங்கேதான் நிற்கிறது.

நம் கல்லூரிப் போட்டிகளில் இதற்கெல்லாம் மதிப்பெண் இல்லை. நடுவர்கள் ஐந்து நிமிடம் திரையைப் பார்ப்பார்கள், ஸ்கிரீன்ஷாட் பளபளத்தால் தலையாட்டுவார்கள். அந்த அறையில் ஒரு பிள்ளைகூட இருக்காது. குழந்தைகளுக்கான கேமைக் குழந்தைகள் இல்லாத அறையில் வைத்துப் பரிசு கொடுக்கிறோம். பிறகு அதே கேம் ஏதோவொரு பள்ளியின் டேப்லெட்டில் ஏறுகிறது. டியூஷனுக்குப் போய்த் திருத்திக்கொள்ள வசதியில்லாத பிள்ளை அங்கே கறுப்பு உருண்டையிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. ஃபார்மில் நாலரை வாங்கிய படத்தின் விலையைக் கொடுப்பது அந்தப் பிள்ளை.

பணம் செலவில்லாமல் மாற்றக்கூடியவை மூன்று. பிள்ளை விளையாடும்போது குழுவில் எல்லோரும் வாயை மூடிக்கொள்ளுங்கள். "அங்க தொடுடா" என்று ஒருமுறை சொன்னாலும் அந்த டெஸ்ட் செத்தது, கேமோடு உங்களையும் சேர்த்து ஒவ்வொரு வீட்டுக்கும் அனுப்ப முடியாது. இரண்டாவது, பிள்ளைக்குப் பின்னால் நோட்டோடு உட்காரவேண்டியவள் ஆர்ட்டிஸ்ட். விரல் எங்கே தயங்கியது, எதைப் பட்டன் என்று நினைத்துத் தட்டியது, எதைக் கண்டு ஒதுங்கியது என்று அவள் எழுதட்டும்.

மூன்றாவது, ஃபார்மைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு வெள்ளைத்தாளும் பென்சிலும் கொடுங்கள். "இந்த கேம்ல என்ன நடந்துச்சுன்னு வரைஞ்சு காட்டு" என்று சொல்லுங்கள். வாயால் மரியாதை காட்டுகிற பிள்ளை கையால் உண்மையை வரைந்துவிடும். அந்தத் தாளில் இலைக்குப் பக்கத்தில் கோரைப்பல்லோடு ஒரு கறுப்பு உருண்டை இருந்தால், ஆர்ட்டிஸ்டின் வேலை முடியவில்லை. அன்றைக்குத்தான் தொடங்குகிறது.