வலையட்டையும் தோட்டத்துப் பிள்ளைகளும்

சென்ற மாதம் ஹட்டனுக்குச் சென்றிருந்தபோது, டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஆசிரியராக இருக்கும் நண்பரின் வீட்டில் ஓரிரவு தங்கினேன். உயர்தரம் படிக்கும் அவருடைய மகள் பழைய மடிக்கணினியொன்றைக் கொண்டுவந்து என் முன் வைத்தாள். கொழும்பு உறவினர் கொடுத்தது. விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. அடுத்த பதிப்பை அந்தக் கணினி ஏற்காது. ஆகவே லினக்ஸ் நிறுவிக் கொடுத்திருக்கிறார்கள். எல்லாம் ஓடுகிறது, வைஃபை மட்டும் இல்லை.

"கம்ப்யூட்டரே பழுதாம் மாமா. கடையில புதுசு வாங்கச் சொல்றாங்க" என்றாள்.

கணினியில் பழுதில்லை. கம்பியில்லா வலையட்டை தானாக இயங்குவதன்று. இயங்குதளத்தோடு பேச அதற்கு இயக்கி என்னும் மென்பொருள் வேண்டும். பல அட்டைகளுக்கு, கணினி தொடங்கும்போது உள்ளே ஏற்றவேண்டிய நிலைபொருளும் வேண்டும். அதன் உரிமை சில்லு செய்தவரிடம் இருக்கிறது. அது இல்லாத கணினியில், இணையம் கிடைக்க இயக்கி வேண்டும். இயக்கியைப் பெற இணையம் வேண்டும்.

நாங்கள் செய்தது எளிது. முனையத்தில் 'எல்எஸ்பிசிஐ' என்ற கட்டளையிட்டுச் சில்லின் பெயரை அறிந்தோம். அவளுடைய தந்தையின் கைப்பேசியை யுஎஸ்பி வடத்தால் இணைத்து, 'டெதரிங்' வசதியை இயக்கினோம். லினக்ஸ் அதைக் கம்பிவழி இணைப்பாகவே ஏற்றுக்கொண்டது. பிறகு உபுண்டுவின் 'கூடுதல் இயக்கிகள்' சாளரம் உரிய இயக்கியைக் காட்டிற்று. நிறுவி மறுதொடக்கம் செய்ததும் வைஃபை வந்தது. கொஞ்சம் டேட்டா மட்டுமே செலவு.

இது பழைய சிக்கல். 2000களில் புரோட்கொம் சில்லுகள் பலவற்றுக்கு லினக்ஸ் இயக்கி கிடைக்காதபோது, தன்னார்வலர்கள் அவற்றின் நடத்தையை ஆராய்ந்து தாமே எழுதினார்கள். 2008 ஜனவரியில் வெளிவந்த லினக்ஸ் கரு 2.6.24 இல் அந்த 'பி43' இயக்கி சேர்ந்தது. அப்போதும் நிலைபொருளைத் தனியே பிரித்தெடுத்து வைக்கவேண்டியிருந்தது. 2010 செப்டெம்பரில் அந்நிறுவனமே தன் புதிய சில்லுகளுக்குத் திறந்த இயக்கியை வெளியிட்டது. டெபியன் அமைப்பு 2022 இல் வாக்கெடுப்பு நடத்தி, 2023 ஜூனில் வந்த 12 ஆம் பதிப்பிலிருந்து, மூடிய நிலைபொருளையும் தன் நிறுவியிலேயே சேர்த்தது.

உள்ளே இருப்பதைக் காட்டாத எதையும் சேர்க்கலாகாது என்று வாதிட்டவர்களை நான் மதிக்கிறேன். கோட்பாட்டில் அவர்கள் சொல்வது சரி. ஆனால் அந்தத் தூய்மைக்கு விலை கொடுப்பவர் யார்? நகரத்து அலுவலகத்தில் இருப்பவர் ஒரு வலைவடத்தைச் செருகி இயக்கியை இறக்கிக்கொள்வார். லயத்தில் அந்த வடம் எங்கே இருக்கிறது? 2020 இல் பெருந்தொற்றுக்காகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, சிக்னல் தேடி மலையேறிய பிள்ளைகளை நாம் மறந்துவிடலாகாது. லயங்களுக்குத் தனி முகவரி இல்லாமல், கடிதங்கள் தோட்ட அலுவலகம் வழியாகவே கைமாறி வந்த வரலாறும் நமக்குத் தெரியும். நேராக வந்துசேர வேண்டியது இடையில் ஒருவருடைய தயவுக்காகக் காத்திருப்பது எங்களுக்குப் புதிதன்று. ஆகவே டெபியன் செய்தது சரியென்பேன். சில்லு செய்பவர்கள் திறந்துவிடவேண்டும் என்ற கோரிக்கையையும் கைவிடலாகாது.

அதுவரை நாம் செய்யக்கூடியவை உண்டு. தோட்டப் பாடசாலைகளுக்குப் பழைய கணினி கொடுக்கும் அன்பர்கள், வைஃபை இயங்குகிறதா என்று பார்த்துக் கொடுக்கட்டும். மேலே நான் எழுதிய நாலு வரியைத் தமிழில் அச்சிட்டு மூடியில் ஒட்டட்டும். ஒவ்வொரு பாடசாலையிலும் ஓர் ஆசிரியராவது இதைச் செய்துபார்த்திருக்கட்டும்.

மறுநாள் காலை நான் புறப்படும்போது அவள் கடந்தகால வினாத்தாள்களை இறக்கிக்கொண்டிருந்தாள். கடைக்காரர் சொன்னதை நம்பியிருந்தால், அந்தக் கணினி இந்நேரம் கட்டிலின் கீழ் கிடந்திருக்கும். பழுதென்று ஒருவர் சொன்னால், எது குறைகிறது என்று திருப்பிக் கேட்கும் பழக்கம் நம் பிள்ளைகளுக்கு வேண்டும்.