சந்தாவுக்கு 6,000 கோடி, நூலகருக்கு நாற்காலி இல்லை

2024 நவம்பர் 25 அன்று ஒன்றிய அமைச்சரவை ‘ஒரே நாடு, ஒரே சந்தா’ திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. 2025 தொடங்கி 2027 முடிய மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். முப்பது பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை 6,300 அரசு நிறுவனங்களின் மாணவரும் ஆசிரியரும் விஞ்ஞானிகளும் படிக்கலாம். வரி, தேர்தல், ரேஷன் அட்டை என எதற்கும் முன்னால் ‘ஒரே நாடு’ என்று ஒட்டிப் பழகியவர்கள் ஆய்விதழையும் விட்டுவைக்கவில்லை. சிறு நகரத்து அரசுக் கல்லூரியில் பயிலும் மாணவருக்கு இதழ்கள் கிடைப்பது நன்மையே, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் இதையே அறிவின் விடுதலை என்று பறைசாற்றுவது, வாடகைக்குக் குடியேறியவனை வீட்டுக்காரன் என்று வாழ்த்துவதற்கு ஒப்பாகும்.

வாங்கப்பட்டிருப்பது படிக்கும் அனுமதி மட்டுமே. 2027 முடிந்ததும் பேரம் மீண்டும் தொடங்கும். அதுவரையிலும்கூடத் தனியார் கல்லூரி மாணவரும், தொழிற்சங்க ஆய்வாளரும், தம் நோயைப் பற்றி அறிய விரும்பும் நோயாளியும் வாயிலுக்கு வெளியேதான் நிற்பார்கள்.

இந்த வணிகத்தின் இயல்பு வேறெந்தத் தொழிலிலும் காணக்கிடைக்காதது. மக்கள் வரிப்பணத்தில் ஆய்வு நடக்கிறது. கட்டுரையை எழுதியவருக்கும் கூலியில்லை, அதை மதிப்பிடும் சக விஞ்ஞானிக்கும் கூலியில்லை. பதிப்புரிமை ஒரு கையெழுத்தில் கைமாறுகிறது. பின்னர் அதே கட்டுரையை அதே மக்கள் பணத்தில் திரும்ப வாங்க வேண்டும். எல்செவியர் நிறுவனத்தின் அறிவியல் வெளியீட்டுப் பிரிவு 35 சதவீதத்துக்கும் மேல் லாபம் காட்டுவதில் வியப்பில்லை.

மாற்று வழி புதிதன்று. இதழ் ஏற்றுக்கொண்ட இறுதிக் கையெழுத்துப் படியை ஆய்வாளரே தம் நிறுவனத்தின் மின்களஞ்சியத்தில் இட்டுவைத்தால் உலகில் எவரும் அதைக் கட்டணமின்றிப் படிக்கலாம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் 2002இலேயே அத்தகைய களஞ்சியத்தை அமைத்தது. ரூர்கேலா தேசியத் தொழில்நுட்பக் கழகம் 2006இல் இதைக் கட்டாயமாக்கியது. ஒன்றிய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் 2014 டிசம்பரில் வெளியிட்ட கொள்கை, தங்கள் நிதியில் நடந்த ஆய்வின் கட்டுரைகளை, இதழ் ஏற்ற இரண்டு வாரங்களுக்குள் களஞ்சியத்தில் சேர்க்கச் சொல்கிறது. பத்தாண்டுகள் கடந்தும் அது பெருமளவுக்குக் காகிதத்திலேயே உறங்குகிறது.

விஞ்ஞானிகளுக்கு அக்கறையில்லை என்பது அதிகாரிகள் சொல்லும் காரணம். அது பாதி உண்மை. மறுபாதியை அவர்கள் சொல்வதில்லை. எந்தப் படியை இடலாம், அச்சுக்கு வடிவமைத்த படியையா, ஆசிரியரின் படியையா? பதிப்பகம் விதிக்கும் காத்திருப்புக் காலம் ஆறு மாதமா, இரண்டாண்டா? ஒப்பந்தத்தின் எந்த வரி எதைத் தடுக்கிறது? தேடுவோர் கண்ணில் கட்டுரை படும்படி தலைப்பு, ஆசிரியர், துறை ஆகிய விவரங்களைப் பிழையின்றிப் பதிவது எப்படி? இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் இணைப்பு அறுந்துவிடாமல் காப்பது யார்? இவை வேதியியல் பேராசிரியரின் வேலையல்ல. நூலகரின் தொழில்.

அவரவரே எங்கேனும் ஏற்றிக்கொள்ளட்டும் என்போரும் உண்டு. ஆய்வாளர்கள் லட்சக்கணக்கில் கட்டுரைகளை ஏற்றிய ரிசர்ச்கேட் ஒரு தனியார் நிறுவனம். 2017இல் எல்செவியரும் அமெரிக்க வேதியியல் கழகமும் அதன்மீது வழக்குத் தொடுத்தன. கட்டுரைகள் திரளாக மறைந்தன. அதே ஆண்டில் எல்செவியர் மற்றொரு காரியமும் செய்தது. பல பல்கலைக்கழக நூலகங்கள் தங்கள் களஞ்சியத்தை நடத்தப் பயன்படுத்திய பீபிரஸ் என்னும் நிறுவனத்தையே விலைக்கு வாங்கிக்கொண்டது. களஞ்சியத்தின் மதிப்பை டெல்லியைவிட மூலதனம் நன்றாகவே உணர்ந்திருக்கிறது.

நூலகரிடம் பொறுப்பை ஒப்படைத்தால் நடக்கும் என்பதற்கு ‘ஷோத்கங்கா’ கண்முன் இருக்கிறது. முனைவர்பட்ட ஆய்வேடுகளை மின்வடிவில் ஒப்படைக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக்குழு 2009இல் விதி வகுத்தது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வேடுகள் இன்று எவரும் படிக்கத் திறந்துகிடக்கின்றன. அவற்றை வாங்கி, சரிபார்த்து, பதிவேற்றியவர்கள் பல்கலைக்கழக நூலகப் பணியாளர்கள். அவர்களைப் பாராட்டி எந்த அமைச்சரும் விளம்பரம் தந்ததில்லை. ஓய்வுபெறும் நூலகரின் இடத்தை நிரப்பாமல் விடுவதும், ஒப்பந்தக்காரரை ஆறு மாதத்துக்கு அமர்த்துவதும், நூலகத்தைப் படிப்பறையாகச் சுருக்குவதும்தான் பரிசாகக் கிடைத்தன.

6,000 கோடியில் ஒரு சதவீதம் 60 கோடி. ஆண்டுக்கு 20 கோடி. ஒரு நூலகருக்கு ஆண்டு ஊதியம் 10 லட்சம் என்று கொண்டால் 200 நிரந்தரப் பணியிடங்கள். களஞ்சியத்துக்கான டிஸ்பேஸ், ஈபிரிண்ட்ஸ் ஆகியவை கட்டற்ற மென்பொருள்கள். அவற்றுக்கு உரிமக் கட்டணமும் இல்லை. தேவை ஆள்பலமும் ஒரு விதியும். பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகம் அந்த விதியை எளிதாகச் செய்து காட்டியது: களஞ்சியத்தில் இடப்பட்ட கட்டுரைகள் மட்டுமே பதவி உயர்வின்போது கணக்கில் கொள்ளப்படும். அக்கறையற்றவர்கள் எனப்பட்ட பேராசிரியர்கள் அதன்பின் தாமாகவே நூலகத்தைத் தேடி வந்தார்கள்.

2027இல் புதுப்பிப்புப் பேச்சுக்கு அமரும்போது ஒன்றிய அரசு பதிப்பகங்கள் முன்வைக்க வேண்டிய முதல் நிபந்தனை விலைக்குறைப்பன்று. இந்தியப் பொதுநிதியில் உருவான ஒவ்வொரு கட்டுரையின் ஆசிரியர் படியையும், காத்திருப்புக் காலமின்றி, ஏற்ற நாளிலேயே நிறுவனக் களஞ்சியத்தில் திறந்துவைக்கும் உரிமையே அது. அந்தப் பேச்சு மேசையில் பதிப்பக முகவர்களுக்கு எதிரே, ஒப்பந்தங்களை வரிவரியாகப் படித்துப் பழகிய நூலகர்களும் அமர்ந்திருக்க வேண்டும்.