காற்று வாய்தா கொடுப்பதில்லை

புதுச்சேரித் துறைமுகத்துக்குக் கல்லணை போட்ட பிறகு, அதற்கு வடக்கே கடல் கரையைத் தின்று வருவதை வளவனூர் வாசகர்கள் பலர் நேரிற் கண்டிருப்பார்கள். வீடு இடிந்தால் ஸர்க்காருக்கு மனுக் கொடுக்க ஆள் உண்டு. மண்ணோடு மண்ணாக நாட்டின் பூர்வ சரித்திரமே கரைந்து போனால் மனுக் கொடுப்பார் யார்? தென்கோடிக் கடலோரத்தில் நடந்து வருவது அதுவே.

தூத்துக்குடி ஜில்லாவின் கரையோரத்தில் 'தேரி' எனப்படும் செம்மணல் மேடுகள் பரந்து கிடக்கின்றன. முற்காலத்தில் காற்றுக் குவித்த மணல், இரும்புச் சத்து ஏறிச் சிவந்து இறுகியது. அம்மணலில் மிகச் சிறிய கற்கருவிகள் கிடைக்கின்றன. பிறைவடிவச் சில்லுகளும் நுட்பமாகச் செதுக்கிய கூர்முனைகளும் அவற்றில் உண்டு. செதுக்கும்போது உதிர்ந்த கழிவுச் சில்லுகளும் உடன் கிடப்பதால், கருவி செய்யும் தொழில் அங்கேயே நடந்தது என்பதில் ஐயமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ராபர்ட் புரூஸ் பூட் சாயர்புரத்தில் இவற்றைத் திரட்டினார். ஸாய்னர், பிரிட்ஜெட் ஆல்சின் என்ற இரு அறிஞர்கள் 1956-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பழைய கடல் மட்டத்தைக் கொண்டு இவற்றின் வயதைச் சுமார் 6,000 ஆண்டு என மதிப்பிட்டார்கள்.

இக்கருவிகளை வெளியே காட்டுவது காற்றும் மழையுமே. அவற்றின் சாட்சியத்தைக் கெடுப்பதும் அவையே. மணல் பறந்துபோனதும், வெவ்வேறு காலத்துக் கற்கள் ஒரே தரையில் இறங்கிக் கலந்து விடுகின்றன. போதாக்குறைக்கு மனிதரும் செம்மணலை அள்ளுகிறார்கள். படிந்த இடத்திலேயே கிடக்கும் கல் நேரிற் கண்ட சாட்சி. இடம் பெயர்ந்த கல்லின் வாக்குமூலமோ வெறும் கேள்விச் சாட்சியம். நியாயஸ்தலத்தில் அதற்கு மதிப்புக் குறைவு.

"கற்கள் மியூஸியத்தில் இருக்கின்றனவே, தோண்டுவானேன்?" என்று சிலர் கேட்கலாம். இதற்கு அத்திரம்பாக்கம் விடை கூறும். பூட்டும் வில்லியம் கிங்கும் 1863-லேயே அங்கே கற்கருவிகளைக் கண்டனர். நூற்றாண்டுக்கு மேல் உலகம் அவற்றை அறிந்திருந்தும் வயதை அறியவில்லை. 1999 முதல் சாந்தி பாப்பு குழுவினர் அடுக்கடுக்காகத் தோண்டிய பின்னரே, மிகப் பழைய கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுக்கு முற்பட்டவை என 2011-ல் தெரிந்தது. வேறொரு கருவி மரபு சுமார் 3,85,000 ஆண்டுக்கு முன் தொடங்கியது என்று 2018-ல் வெளியாயிற்று. வயதைச் சொன்னது கல் மட்டும் அன்று. கல்லைப் பொதிந்திருந்த மண்ணும் சேர்ந்தே சொன்னது.

இங்கிலாந்தின் கீழ்க் கரையில் ஹேஸ்பரோ என்ற கிராமம் உண்டு. அங்கே 2013-ல் கடலரிப்பு, 8 லட்சம் ஆண்டுக்கு முற்பட்ட மனிதக் காலடித் தடங்களை வெளிக்காட்டியது. இரண்டே வாரத்தில் அலைகள் அவற்றை அழித்துவிட்டன. ஆனால் அதற்குள் ஆராய்ச்சியாளர் விரைந்து சென்று படமெடுத்து அளந்து வைத்தனர். தடங்கள் போயின, சரித்திரம் நின்றது. அந்த விழிப்பு நமக்கும் வேண்டாமா?

கீழடியிலும், தேரிகள் உள்ள அதே ஜில்லாவிலுள்ள சிவகளையிலும் தமிழ்நாட்டு ஸர்க்கார் செய்த அகழாய்வை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். 2025 ஜனவரியில் இரும்பின் தொன்மை பற்றி வெளியான செய்தி தமிழர் யாவருக்கும் பெருமை தந்தது. இரும்புக்குக் காட்டிய ஊக்கத்தில் ஒரு பங்கைக் கல்லுக்கும் காட்டும்படி கேட்கிறோம். தேரிகள் முழுவதையும் அளந்து, கருவி கிடைக்கும் இடங்களைப் படத்திற் குறிக்க வேண்டும். மணல் குலையாத இரண்டு மூன்று இடங்களிலேனும் தோண்டி, மணற்பரல் கடைசியாக வெயில் கண்ட காலத்தைக் கணிக்கும் புதிய முறையால் வயதை நிர்ணயிக்க வேண்டும். முக்கியமான இடங்களை 1966-ம் வருஷத்துச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவையாக அறிவித்து, மணல் அள்ளுவதைத் தடுக்க வேண்டும்.

ஜனங்களுக்கும் ஒரு கடமை உண்டு. தேரியில் கருவியைக் கண்டால் மடியிற் கட்டிக்கொள்ளாமல், கிடந்த இடத்திலேயே விட்டுத் தொல்லியல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

நியாயஸ்தலத்தில் வாய்தா கேட்கலாம். காற்றும் மழையும் எவருக்கும் வாய்தா கொடுப்பதில்லை.