சமாதானத்துக்கும் பட்டா வேண்டும்



சமயத் தலைவர்கள் ஒரே மேடையில் ஏறிக் கைகோத்து நின்றால் நாட்டில் சமாதானம் நிலைத்துவிடும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். மேடை வேண்டியதுதான். ஆனால் பந்தலைப் பிரித்த மறுநாள் எஞ்சி நிற்பது என்ன?

மலாக்கா பட்டணத்தில் ஜாலான் துக்காங் எமாஸ் பக்கம் போய்ப் பாருங்கள். கம்போங் கிளிங் பள்ளிவாசல் 1748-ல் எழுந்தது. அதன் அருகிலேயே பின்னாளில் பொய்யாத விநாயகர் கோயில் வந்தது. சற்றுத் தள்ளி, 17-ஆம் நூற்றாண்டில் தோன்றிய சீனர்களின் செங் ஹூன் தெங் கோயில். பாங்கு ஒலியும் மணியோசையும் ஊதுவத்தி மணமும் ஒரே காற்றில் கலக்கின்றன.

இது மனப்பான்மையால் மட்டும் வந்ததா? இல்லை. விநாயகர் கோயிலுக்கு நிலத்தை 1781-ல் டச்சு ஆட்சியார் மலாக்கா செட்டிகளின் தலைவருக்கு வழங்கினார்கள். வந்த இடத்தில் காலூன்ற உரிமை இருந்தது. உரிமை உள்ளவன் அண்டை வீட்டானைக் கண்டு அஞ்சுவதில்லை, அஞ்சாதவன் பகைப்பதுமில்லை.

நமது தோட்டத்துக் கோயில்களின் கதை வேறு. பாட்டனார் கட்டிய மாரியம்மன், துரையின் வாய்ச்சொல்லில் நின்றாள். தோட்டம் கைமாறினால் அந்த வாய்ச்சொல்லுக்கு மதிப்பேது?

சுபாங் ஜெயாவில் சீபீல்டு தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு நேர்ந்ததை மறக்கலாமா? நிலம் மேம்பாட்டு நிறுவனத்தின் கையில். கோயிலை மாற்றுவது குறித்து நம்மவருக்குள்ளேயே இரு தரப்பு. 2018 நவம்பரில் கலவரம் மூண்டது. தீயணைப்பு வீரர் முகமது அடிப் படுகாயமுற்று, டிசம்பர் 17-ல் உயிர் நீத்தார். நிலத் தகராறாகத் தொடங்கியதை இனத் தகராறு என்று பரப்ப எத்தனை வாய்கள் திறந்தன!

நான் ஒரு தோட்டத்துக் கிராணி. பெரட்டில் தமிழரோடு இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் நிற்கிறார்கள். எல்லாருடைய பெயரும் என் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் அவர்கள் தொழும் சூராவுக்கும் நமது கோயிலுக்கும் என் அலமாரியில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. இருவருக்கும் நிலை ஒன்றே.

“ஆண்டவனுக்குப் பட்டா எதற்கு?” என்று சிலர் கேட்கலாம். ஆண்டவனுக்கு வேண்டாம் ஐயா. அவன் பெயரால் அடித்துக்கொள்ளும் நமக்கு வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு தோட்டத்திலும் கோயில் கமிட்டி, சூராவ் கமிட்டி, தேவாலயத்தார், தொழிற்சங்கக் கிளை நால்வரும் ஒரு மேசையில் அமர வேண்டும். தோட்டம் விலை பேசப்படும் முன்பே வழிபாட்டிடங்களுக்கு எழுத்துமூலம் நிலம் கேட்க வேண்டும். சூராவுக்காகக் கோயில் தலைவர் கையெழுத்திடட்டும். கோயிலுக்காகச் சூராவ் இமாம் கையெழுத்திடட்டும்.

அந்த இரண்டு கையெழுத்துகள் நூறு மேடைப் பேச்சுக்குச் சமம். புல்டோசர் வந்த பிறகு கூடுவது கூட்டமல்ல, கலவரம். இன்றே கூடுவோம்!