உறங்குகிற பிள்ளையின் சுவாசம்

தியானப் பகுதி: மாற்கு 5:35-43



யவீருவின் வீட்டில் மரித்துக் கிடந்த சிறுபெண்ணை நம் ஆண்டவர் எழுப்பினதை எத்தனையோ முறை பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம். அந்த அற்புதத்திற்குப் பின் அவர் சொன்ன காரியத்தைப் பற்றி மட்டும் அதிகமாய்ப் பிரசங்கிக்கப்படுவதில்லை. அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுக்கும்படி வீட்டாருக்குச் சொன்னார். உயிரைத் திரும்பக் கொடுத்தவருக்கு அவளுடைய பசியையும் அற்புதமாய்த் தீர்ப்பது கடினமல்ல. ஆனாலும் பெற்றோர் தங்கள் கையால் செய்யக்கூடியதை அவர்கள் கையிலேயே விட்டார். இந்த மாதம் நான் எழுதுவதும் அப்படிப் பெற்றோரின் கையில் விடப்பட்ட ஒரு காரியத்தைக் குறித்ததே. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளின் இரவு உறக்கத்தைப் பற்றியது அது.

மும்பையிலும் புனேயிலும் டெல்லியிலும் பெங்களூரிலும் பிழைப்புக்காக வந்து குடியேறிய நம் ஜனத்தின் சபைகளில் இப்படிப்பட்ட பிள்ளைகளைக் காண்கிறோம். துதிப்பாடல் தொடங்கியவுடன் முதல் ஆளாய்க் கைதட்டுகிறவர்களும், ஆராதனை முடிந்ததும் பெரியவர் சிறியவர் பாராமல் எல்லாருக்கும் கைகொடுத்து ஸ்தோத்திரம் சொல்லுகிறவர்களும் அவர்கள்தான். இது யார் செய்த பாவம் என்று பிறவிக்குருடனைக் குறித்துச் சீஷர்கள் கேட்டதுபோல நம்மில் சிலர் இன்னும் கேட்கிறார்கள். அவனும் பாவம் செய்யவில்லை, அவனைப் பெற்றவர்களும் செய்யவில்லை என்று ஆண்டவர் அன்றே அந்தக் கேள்வியை மூடிவிட்டார். தாய் கர்ப்பகாலத்தில் கிரகணத்தில் வெளியே போனதாலோ, எதையோ கண்டு பயந்ததாலோ, சாபத்தாலோ இது வருவதில்லை. 1866-இல் ஜான் லாங்டன் டவுன் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதன் அடையாளங்களை விவரித்து எழுதினார். 1959-இல் பிரான்சு தேசத்து மருத்துவர் ஜெரோம் லெஜூனும் அவரோடு உழைத்தவர்களும் இதன் காரணத்தை வெளியிட்டார்கள். நம் உடலின் அணுக்களில் இரண்டிரண்டாய் இருக்க வேண்டிய குரோமோசோம்களில் 21-ஆவது மட்டும் மூன்றாய் இருக்கிறது. காரணம் இவ்வளவே.

இப்பொழுது உறக்கத்திற்கு வருவோம். பத்துக்குப் பத்து அறையில் குடும்பமே வரிசையாய்ப் படுக்கிற வீடுகளில், பிள்ளையின் குறட்டை எல்லார் காதிலும் விழுகிறது. "பாஸ்டர், இவன் படுத்தால் போதும், நன்றாய்க் குறட்டை விட்டு அயர்ந்து தூங்குவான்" என்று தாய்மார் சந்தோஷமாய்ச் சொல்லுவதைக் கேட்டிருக்கிறேன். குறட்டை அயர்ந்த உறக்கத்தின் அடையாளம் அல்ல, பிரியமானவர்களே. காற்று செல்லும் வழி நெருக்கப்படுகிறது என்பதற்கு அது அடையாளம். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்கு முகத்தின் நடுப்பகுதி சிறிதாய் அமைந்திருக்கும். வாயின் இடம் குறுகலாயிருப்பதால் நாக்கு பெரிதாய்த் தோன்றும். தசைகள் தளர்ந்திருக்கும். இதோடு தொண்டையின் டான்சில் சதையும், மூக்கின் பின்னே இருக்கிற அடினாய்டு சதையும் வீங்கினால், விழித்திருக்கும்போது எப்படியோ திறந்திருக்கிற வழி உறக்கத்தில் தசைகள் இளகியவுடன் அடைபட்டுப் போகிறது. பிள்ளையின் மார்பு ஏறி இறங்கும், ஆனால் காற்று உள்ளே போவதில்லை. சில விநாடிகளுக்குப் பின் மூளை எச்சரிக்கையாகி, பிள்ளை திடுக்கிட்டு மூச்சை இழுக்கும். மறுபடியும் உறக்கம், மறுபடியும் அடைப்பு. இதைத்தான் ஸ்லீப் அப்னியா என்கிறார்கள். மற்றப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் மிகாமல் காணப்படுகிற இந்தத் தடை, டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளில் பாதிப் பேருக்கோ அதற்கு மேற்பட்டோருக்கோ இருக்கிறது.

சில அடையாளங்களைக் கவனியுங்கள். பிள்ளை உட்கார்ந்தபடியே முன்பக்கம் கவிழ்ந்து உறங்கலாம். கழுத்தைப் பின்னே சாய்த்து வாயைத் திறந்தபடி உறங்கலாம். மின்விசிறிக்குக் கீழேயும் தலை வியர்க்கலாம், படுக்கையில் சிறுநீர் கழிக்கும் வழக்கம் நின்றபின் மீண்டும் தொடங்கலாம். பகலில் தூங்கி வழிவதும், காரணமில்லாத அடமும் கோபமும் உண்டாகலாம். இவை ஒன்றும் இல்லை என்பதால் நிம்மதியாயிருந்துவிடவும் கூடாது. பெற்றோரின் கண்ணுக்கு நன்றாய்த் தூங்குவதாய்த் தோன்றும் பிள்ளைக்கும் பரிசோதனையில் தடை இருப்பது தெரியவருவதுண்டு. ஆகையால்தான், அடையாளம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கு வயதுக்குள் தூக்கப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2011-இல் சொன்னது. 2022-இல் மீண்டும் அதையே உறுதிப்படுத்தியது.

இவ்வளவு அவசரம் ஏன் என்று கேட்பீர்கள். இப்பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் இருதயக் குறையோடு பிறக்கிறார்கள். இரவெல்லாம் ஆக்சிஜன் குறைந்து குறைந்து ஏறும்போது நுரையீரலுக்குச் செல்லும் இரத்தக் குழாய்களில் அழுத்தம் கூடி, ஏற்கெனவே களைத்த இருதயத்தின்மேல் இன்னொரு பாரம் ஏறுகிறது. அடுத்தது கற்றல். ஒரு சொல்லைக் கற்க மற்றப் பிள்ளை பத்து முறை கேட்டால் இந்தப் பிள்ளை நூறு முறை கேட்க வேண்டியிருக்கும். அந்த நூறு முறையும் தூக்கமில்லாத மூளையோடு கேட்டால் என்ன நிற்கும்? "இவன் பிறவியிலேயே மந்தம்" என்று உறவினர் சொல்லுகிற மந்தத்தில் ஒரு பங்கு, உறக்கம் சரியானால் நீங்கக்கூடியதாயிருக்கலாம். அதை நீக்கக்கூடிய நாளில் நீக்காமல் விடுவது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம் என்பதே என் எண்ணம்.

தூக்கப் பரிசோதனை என்றவுடன் பயப்பட ஒன்றுமில்லை. ஊசியும் கத்தியும் அதில் இல்லை. ஓர் இரவு மருத்துவமனையில் தங்கி, தலையிலும் மார்பிலும் சில கம்பிகளையும் பட்டைகளையும், விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப்பையும் பொருத்திக்கொண்டு பிள்ளை உறங்க வேண்டும். தாயோ தகப்பனோ கூட இருக்கலாம். வீட்டுப் போர்வையையும் பழகின பொம்மையையும் எடுத்துச் செல்லுங்கள். ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை மூச்சு தடைபட்டது அல்லது குறைந்தது என்று எண்ணுவார்கள். பெரியவர்களுக்கு ஐந்து வரை பொறுக்கலாம். பிள்ளைகளுக்கு ஒன்றைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும், பத்தைத் தாண்டினால் கடுமையானது. தனி ஆய்வகம் எங்கே என்று அலையுமுன், அருகிலுள்ள பெரிய அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவிலோ குழந்தைகள் பிரிவிலோ கேளுங்கள், அவர்களே வழிகாட்டுவார்கள்.

சிகிச்சையில் முதலாவது வருவது பெரும்பாலும் டான்சிலையும் அடினாய்டையும் அகற்றும் அறுவை. மற்றப் பிள்ளைகளைவிட இவர்களுக்கு இதில் அதிக ஜாக்கிரதை தேவை. கழுத்தின் மேல் எலும்புகளின் இணைப்பு தளர்ந்திருக்கக்கூடும் என்பதால் கழுத்தை மிகவும் வளைக்காமல் கையாள வேண்டும். மூச்சுக்குழாய் குறுகலாயிருப்பதையும் இருதயத்தின் நிலையையும் மயக்க மருந்து கொடுக்கிறவர் முன்னமே அறிந்திருக்க வேண்டும். அறுவை முடிந்த இரவு பிள்ளை மருத்துவமனையிலேயே கண்காணிப்பில் இருப்பது நல்லது. அன்று மாலையே வீட்டிற்குப் போகலாம் என்று யாராவது சொன்னால், "டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளை, ஓர் இரவு இருக்கட்டுமே" என்று தாழ்மையாய், ஆனால் விடாமல் கேளுங்கள்.

அறுவையோடு காரியம் முடிந்தது என்றும் எண்ணவேண்டாம். ஏறத்தாழப் பாதிப் பிள்ளைகளுக்கு, அதற்கு மேற்பட்டோருக்கும்கூட, தடை ஓரளவு மிச்சமிருக்கிறது. ஆகவே சில மாதங்களுக்குள் பரிசோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். மிச்சமிருந்தால் சிபாப் இயந்திரம் உதவும். மூக்கின்மேல் பொருத்தும் மாஸ்க் வழியாய் மெல்லிய அழுத்தத்தோடு காற்றை அனுப்பி வழியைத் திறந்துவைக்கிற சிறு பெட்டி அது. முதல் இரவிலேயே பிள்ளை அதை அணிந்து உறங்கிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். பகலில் மாஸ்க்கைக் கையில் கொடுத்து விளையாட விடுங்கள், பொம்மைக்கு அணிவியுங்கள், தகப்பன் தன் முகத்தில் வைத்துக் காட்டட்டும். பின்பு பாட்டுப் பாடும் நேரமளவு, பின்பு கதை சொல்லும் நேரமளவு, பின்பு உறக்கத்தில். வாரங்கள் ஆகலாம். யாரோ பயன்படுத்திய பெரியவர்களின் மாஸ்க்கை விலை மலிவென்று வாங்கிப் பொருத்தாதீர்கள், அழுத்தத்தின் அளவையும் நீங்களாய் மாற்றாதீர்கள். பிள்ளை தூங்கவில்லையென்று மருத்துவரைக் கேளாமல் தூக்கம் வரும் மருந்து கொடுப்பது இன்னும் ஆபத்து, அது தசைகளை மேலும் தளர்த்திவிடும். தைராய்டு குறை இப்பிள்ளைகளுக்கு அடிக்கடி வருவதால் ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். எடை கூடாமலும் காக்க வேண்டும். சபையார் அன்பின் மிகுதியால் அள்ளிக் கொடுக்கும் கேக்கும் மிக்சரும் இதில் ஒரு தடை என்பதைச் சொல்லாமல் விட முடியவில்லை. நாக்கின் நரம்பைத் தூண்டி வழியைத் திறக்கிற ஒரு கருவியை, 13 முதல் 18 வயது வரையுள்ள கடுமையான தடையுடைய டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளுக்குப் பொருத்த 2023-இல் அமெரிக்க அரசு அனுமதித்தது. நம் குடும்பங்களுக்கு அது எட்டாத விலை. ஆகிலும் இப்பிள்ளைகளுக்காகவென்றே ஆராய்ச்சி நடக்கிறது என்பதில் எனக்குச் சந்தோஷம்.

செலவைக் குறித்து ஒரு வார்த்தை. மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்தும் நிராமயா காப்பீட்டில் அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளும் சேரலாம். ஆண்டுக்கு ஒரு இலட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கு உதவி கிடைக்கும். மாற்றுத்திறனாளி சான்றிதழ் அவசியம். ஊரில் போய்த்தான் வாங்க வேண்டும் என்று தள்ளிப்போடாமல், நீங்கள் வசிக்கும் நகரத்திலேயே விசாரியுங்கள்.

விசுவாசத்தைக் குறித்த கேள்விக்கு வருகிறேன். சுகமளிக்கும் கூட்டம் ஒன்றிலிருந்து திரும்பி வந்த ஒரு சகோதரி, மகனுக்காக ஜெபித்த ஊழியர் இனி இயந்திரம் வேண்டாம், அதை வைத்திருப்பது அவிசுவாசம் என்று சொன்னதாகக் கலங்கிக் கேட்டார்கள். தெய்வீக சுகத்தை நானும் விசுவாசிக்கிறேன், பிரசங்கிக்கிறேன். ஆனால் பத்துக் குஷ்டரோகிகளை ஆண்டவர் என்ன செய்யச் சொன்னார்? போய் ஆசாரியர்களுக்குத் தங்களைக் காண்பிக்கச் சொன்னார். அவர் தருகிற சுகம் பரிசோதனைக்குப் பயப்படுவதில்லை. எசேக்கியாவுக்குப் பதினைந்து ஆண்டுகளைக் கூட்டித் தருவதாகக் கர்த்தர் வாக்களித்த பின்னும், ஏசாயா அத்திப்பழ அடையைப் பருவின்மேல் வைக்கச் சொன்னாரே. ஆகவே அந்தச் சகோதரியிடம், "அம்மா, மருத்துவர் திரும்பப் பரிசோதித்து, இனி தேவையில்லை என்று எழுதிக் கொடுக்கிற நாளில் பெட்டியைச் சபைக்குக் கொண்டுவாருங்கள், மேடையில் வைத்து சாட்சி சொல்லுவோம். அதுவரை ஒவ்வொரு இரவும் ஜெபித்து மாஸ்க்கைப் பொருத்துங்கள்" என்றேன். பெட்டி இன்னும் சபைக்கு வரவில்லை. பிள்ளை ஞாயிறு பள்ளியில் தூங்காமல் உட்காருகிறான்.

சபை மூப்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முழு இரவு ஜெபத்தில் பின்வரிசைப் பாயில் பிள்ளைகளைக் கிடத்திவிட்டு நாம் முழங்காலில் நிற்கிறோம். இப்படிப்பட்ட பிள்ளை உள்ள குடும்பத்தை வரவில்லையே என்று கேட்காதிருங்கள். தாய் வீட்டில் இருக்கட்டும், தகப்பன் வரட்டும். அடுத்த மாதம் மாறிக்கொள்ளட்டும். இருவரும் வர வாஞ்சித்தால், பிள்ளை படுக்கும் மூலையில் ஒரு பிளக் பாயிண்ட் ஏற்பாடு செய்து, கீபோர்டுக்கும் ஸ்பீக்கருக்கும் கம்பி இழுக்கிற தம்பிகளிடம் அதைப் பிடுங்கக்கூடாது என்று சொல்லிவையுங்கள்.